செல்ஃப் அடிக்குது, இஞ்சின் பிடிக்குதில்ல: மலையகப் பழைய வாகனக்காரருக்கு ஒரு வழிகாட்டி

வாகனம் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பதில் இரண்டு வகை உண்டு. சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் வராதது முதல் வகை. அது நேர்மையான வாகனம். முடியாது என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது. பெற்றரியைப் பாருங்கள், வயரைப் பாருங்கள், முடிந்தது. ஆளைக் கொல்வது இரண்டாவது வகை. செல்ஃப் ஜோராக அடிக்கும், இஞ்சின் சுற்றும், இதோ பிடித்துவிட்டது என்று தோன்றும், ஆனால் பிடிக்காது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நம்பிக்கை கொடுப்பதால் நாமும் சாவியை விடுவதில்லை. இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது வகைக்கானது.

மலையகத்தில் பழைய வாகனத்தை ஆசைக்கு வைத்திருப்பவர் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் வேறு வழியில்லாமல் வைத்திருக்கிறோம். அந்நியச் செலாவணி இல்லை என்று 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த கதவுக்குள் எட்டிப் பார்த்து வரியைக் கண்டவர்கள், பேசாமல் திரும்பி வந்து பழைய வேனுக்கே புது பிளக் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

நம்மிடம் இருப்பவற்றில் மூத்த ரகங்கள் சில 1948இல் பிறந்தவை. அந்த ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவரும், ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மொறிஸ் மைனரும் அறிமுகமாயின. அதே வருடம்தான் இலங்கைப் பாராளுமன்றம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. கப்பலில் வந்திறங்கிய காருக்கு உடனே பதிவுப் புத்தகம் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களில் கடைசி ஆட்களுக்குப் பிரஜாவுரிமைப் பதிவு கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. துரையின் லேண்ட் ரோவர் முதலில் வெள்ளைக்காரக் கம்பனிக்கு ஓடியது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு அரசாங்கத்துக்கு ஓடியது. 1992க்குப் பிறகு பெருந்தோட்டக் கம்பனிக்கு ஓடியது. முதலாளி இரண்டு தடவை மாறினார். கொயில் மாறவில்லை.

ஆகவே மரியாதையாக போனட்டைத் திறவுங்கள்.

தேவையானவை

ஒரு பிளக் ஸ்பேனர்.

ஒரு டோர்ச்.

ஒரு காய்ந்த துணி. ஜூன், ஜூலையில் வட்டவளைப் பக்கம் இருப்பவர்கள் இதை வேறு மாவட்டத்திலிருந்து வரவழைத்துக்கொள்ளவும்.

பெற்றோல் தாங்கியை அளக்க ஒரு நீளமான தேயிலைக் குச்சி.

பின் சில்லுக்கு அடை கொடுக்க ஒரு நல்ல கல். ஹேண்ட் பிரேக்கை நம்புகிறவர்களுக்கும் இது தேவை. அவர்களுக்குத்தான் முக்கியமாகத் தேவை.

சாவியைத் திருப்ப ஒருவர். காது கேட்கிறவராக இருந்தால் நல்லது.

பிளேன்டீ, ஆட்களின் எண்ணிக்கைக்குத் தக்க. எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும்.

படி 1: காது கொடுங்கள்

செல்ஃப் அடிக்கும் சத்தத்திலேயே பாதி விடை இருக்கிறது. வழக்கமான வேகத்தில் ஒரே தாளமாக இஞ்சின் சுற்றினால் பெற்றரி நல்லாயிருக்கிறது, மேலே போகலாம். இழுத்து இழுத்து, முனகிக்கொண்டு சுற்றினால் பெற்றரி களைத்திருக்கிறது. தை மாதத்து நுவரெலியாவில் புல்மேல் உறைபனி விழும் காலைகளில் நல்ல பெற்றரியும் இப்படித்தான் முனகும். வழக்கத்தைவிட லேசாக, தடையே இல்லாமல் விர்ரென்று சுற்றினால் உடனே கையை எடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அதற்குமேல் சுற்றினால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளலாம்.

ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். இடையில் ஒரு நிமிடமாவது விடுங்கள். இதை எல்லோரும் அறிவார்கள், எவரும் செய்வதில்லை. பெற்றரி இறங்கும்வரை அடித்துவிட்டு, "அப்ப பெற்றரிதான் பிரச்சினை" என்று கண்டுபிடிப்பது இந்தப் பகுதியில் பழைய வழக்கம். இருந்த ஒரு கோளாறு அதோடு இரண்டாகிறது.

படி 2: கூட்டத்தைச் சமாளியுங்கள்

போனட் திறக்கும் சத்தம் லயத்தின் கடைசிக் காம்பரா வரை கேட்கும். ஐந்து நிமிடத்துக்குள் ஆலோசனைக் குழு கூடிவிடும். உறுப்பினர்கள் எந்தத் தோட்டத்திலும் ஏறக்குறைய இவர்களே.

முதலில் வருபவர் ஆட்டோக்காரத் தம்பி. என்ன வாகனமானாலும் அவருக்கு அது கார்புரேட்டர். டீசல் வேனைக் காட்டினாலும் கார்புரேட்டர்.

அடுத்தவர் ஸ்டோரில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமா. கொழுந்து அரைக்கும் ரோலரைக் கட்டி மேய்த்தவர், ஆகவே அவருக்கு எல்லாமே பெயரிங். வலது பக்கம் காது வைத்து, "உள்ளுக்க ஒரு சத்தம் இருக்கு" என்பார். இஞ்சின் அப்போது ஓடிக்கொண்டிருக்காது.

மூன்றாமவர் குவைத்தில் பெரிய வண்டி ஓட்டியவர். அங்கே இப்படி நடக்காது என்பதைச் சொல்லிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

நான்காமவர் கொழும்பில் வேலை பார்த்து லீவில் வந்திருக்கும் பையன். "ஸ்கேனர் போட்டுப் பாக்கணும் அண்ணே" என்பான். 1961ஆம் வருடக் காரில் ஸ்கேனரை எங்கே சொருகுவது என்று கேட்டு அவன் மனதை நோகடிக்க வேண்டாம்.

கடைசியாக அப்பாயி வருவார். நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வையென்பார். கூட்டத்திலேயே செலவு குறைந்த, சேதமில்லாத ஆலோசனை இது. மறுக்காமல் வையுங்கள். ஏறி நசுக்கத்தான் வாகனம் ஓட வேண்டும், அது வேறு விஷயம்.

இவர்களை விரட்டக் கூடாது. படி 9இல் தள்ளுவதற்கு ஆள் வேண்டும். ஆனால் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்: யாரையும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கைவைக்க விடாதீர்கள். ஒருவர் பொயிண்டைத் தேய்க்க, இன்னொருவர் கார்புரேட்டர் திருகாணியைத் திருப்ப, மூன்றாமவர் பிளக் வயரை மாற்றிச் சொருகினால் மாலைக்குள் உங்களிடம் இருப்பது புதிய வகை வாகனம். ஒரு நேரத்தில் ஒன்று, மலிவானது முதலில். இந்த வழிகாட்டியில் இருக்கும் முழு ஞானமும் அந்த ஒரு வரிதான். மீதியெல்லாம் அதைக் கடைப்பிடிக்க முடியாத இடங்களின் பட்டியல்.

படி 3: பெற்றோல் இருக்கிறதா?

இந்தக் கேள்வியைக் கேட்டால் சொந்தக்காரருக்குக் கோபம் வரும். அதனால் யாரும் கேட்பதில்லை. அதனால்தான் கார்புரேட்டர் முழுதும் கழற்றப்படுகிறது.

பழைய காரின் பெற்றோல் முள் பெரும்பாலும் அலங்காரம். தாங்கியின் மூடியைத் திறந்து தேயிலைக் குச்சியை விட்டுப் பாருங்கள். குச்சியில் ஈரம் இருந்தாலும் அவசரப்பட்டு மகிழ வேண்டாம், வாகனம் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் சமதரை என்பது ரயில் மேடையும் விளையாட்டு மைதானமும்தான். மற்ற எல்லா இடமும் சரிவு. தாங்கியில் இரண்டு லீற்றர் இருந்தால், சரிவில் அது ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். உறிஞ்சும் குழாய் மறு மூலையில் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும். முகத்தைத் திருப்பி நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகிற கார்கள் இங்கே உண்டு. அவற்றில் பேய் புகுந்திருக்கிறது என்று ஒரு கட்சி சொல்லும். இன்னும் ஐந்து லீற்றர் ஊற்றினால் பேய் இறங்கிவிடும்.

பெற்றோலின் வயதையும் கேளுங்கள். 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியது, நாள் கணக்கில் வரிசை, பிறகு க்யூஆர் அட்டை. அந்தக் காலத்தில் கேனிலும் போத்தலிலும் பதுக்கியதைச் சிலர் மறந்தே போனார்கள். மாதக்கணக்கில் கிடந்த பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். குளிரில் முதல் தீ பற்ற வேண்டியது அந்தப் பகுதியால்தான். மோந்து பாருங்கள். பெற்றோல் வாசத்துக்குப் பதில் பழைய வார்னிஷ் வாசம் வந்தால், 470 ரூபாய்க்கு வாங்கியது என்ற பாசத்தை விட்டுவிட்டு மாற்றுங்கள்.

படி 4: தீப்பொறி இருக்கிறதா?

மலையகத்தில் குற்றவாளி பெரும்பாலும் இங்கேதான் அகப்படுவார். அவர் பெயர் ஈரம். இரவு முழுதும் மூட்டம் போனட்டுக்குள் புகுந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் வியர்வையாக நிற்கும். பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் அந்த ஈரத்தின் வழியாக வேறெங்கோ இறங்கிவிடும். இரவில் இருட்டில் போனட்டைத் திறந்து செல்ஃப் அடித்தால் வயர்களின் மேல் நீலக்கோடு ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம். அழகான காட்சிதான், ஆனால் அந்தப் பொறி இருக்க வேண்டிய இடம் அதுவல்ல.

சோதனை சுலபம், இரண்டு பேர் வேண்டும். ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரிலேயே மறுபடி பொருத்தி, உலோக உடல் இஞ்சினைத் தொடும்படி வையுங்கள். கையால் பிடிக்க வேண்டாம். பிடித்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. கழற்றிய ஓட்டையிலிருந்து பெற்றோல் தெறிக்கும், அதனால் பிளக்கைத் தள்ளி வையுங்கள். பீடியோடு நிற்பவரையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இப்போது உள்ளே இருப்பவரிடம் சொல்லுங்கள்:

"ம்… அடி!"

"என்னாண்ணே?"

"அடிங்கிறேன்!"

"அடிச்சேன்ல, நீங்க பாக்கலியா?"

"நான் சொல்லறதுக்கு முந்தி ஏன் அடிச்ச?"

இதை நாலைந்து தடவை செய்தபின் இருவரின் நேரமும் ஒன்றாக வரும். நீலம் கலந்த வெள்ளைப் பொறி சடக் சடக் என்று அடித்தால் தீ நல்லது. மஞ்சளாக, மெலிசாக வந்தால் கண்டென்சரும் கொயிலும் சந்தேகத்துக்குரியவை. ஒன்றுமே இல்லாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறவுங்கள்.

திறந்ததும் என்ன செய்வது என்பதில் இந்தப் பகுதிக்கென்று ஒரு முறை உண்டு. நான்கு பிளக்கையும் மூடியையும் ரோட்டரையும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு குசினிக்குப் போவார்கள். விறகடுப்பின் ஓரத்தில், ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் பிளக்குகள் வரிசையாகச் சூடேறும். பிளக் காயலாம், பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது. மூடி பேக்கலைட், அதை அடுப்பில் வைக்கக் கூடாது. அடுப்புக்கு மேலே, கருவாடு தொங்கும் உயரத்தில் சற்று நேரம் வைத்தாலே போதும். குளிர்வதற்குள் ஓடி வந்து பூட்ட வேண்டும். வயர்களைக் கழற்றும்போதே எது எந்தப் பிளக்குக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுப்படியிலிருந்து ஓடி வருகிறவருக்கு அந்த ஞாபகம் இராது.

மூடி காய்ந்தும் பொறி இல்லாவிட்டால் பொயிண்ட்டைப் பாருங்கள். இரண்டு சிறிய முகங்கள், விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளியில் திறந்து மூட வேண்டும். மொறிஸ் மைனருக்கு அது ஏறத்தாழ 0.38 மில்லிமீற்றர். கறுத்துப் போயிருந்தால் சாண்ட்பேப்பரால் லேசாகத் தேயுங்கள். பாகம் கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனருக்கென்றே ஒரு நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர், இந்தக் காருக்கான உடல் பாகங்களை இலங்கையிலேயே செய்வித்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றார். அவர்கள் நமக்கு அனுப்பிய காருக்கு நாம் அவர்களுக்குப் பாகம் அனுப்பியிருக்கிறோம். பொயிண்ட் செட் ஒன்று தேடினால் அகப்படும்.

படி 5: கழற்றிய பிளக்கைப் படியுங்கள்

ஜாதகம் பார்ப்பதற்கு முன் பிளக்கின் முனையைப் பாருங்கள். நீண்ட நேரம் செல்ஃப் அடித்த பிறகும் அது காய்ந்திருந்தால் பெற்றோல் உள்ளே வரவில்லை. நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, தீ இல்லை, அல்லது பெற்றோல் அளவுக்கு மிஞ்சிவிட்டது. இந்த ஒரு பார்வை, கூட்டத்தின் பாதி ஆலோசனைகளை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

அளவுக்கு மிஞ்சுவதற்கு நம் உயரமே ஒரு காரணம். ஹட்டன் ஏறத்தாழ 1270 மீற்றரில், நுவரெலியா 1868 மீற்றரில். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. கொழும்பில் டியூன் பண்ணிய அளவிலேயே பெற்றோலைக் கொடுக்கும், சேர்ந்து எரியக் காற்று குறைந்திருக்கும். பிளக் கரி பிடித்துக் கறுக்கும். அதன் மேல் நாம் சோக்கையும் இழுத்து, ஆக்ஸிலேட்டரையும் பம்ப் பண்ணி, இஞ்சினைப் பெற்றோலில் குளிப்பாட்டுகிறோம்.

குளிப்பாட்டியாயிற்று என்றால் சோக்கை முழுதாகத் தள்ளிவிடுங்கள். ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு, விட்டு விட்டு மிதிக்காமல், செல்ஃப் அடியுங்கள். காற்று உள்ளே போய் மிச்சத்தை வெளியேற்றும். பொறுமை உள்ளவர்கள் கால் மணி நேரம் பிளேன்டீ குடிக்கலாம். அதுவும் அதே வேலையைச் செய்யும்.

படி 6: பம்ப் பேசுகிறதா?

மொறிஸ் மைனரின் எஸ்.யூ. பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. சாவியைப் போட்டதும் டிக் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நிற்கும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கி காலி, அல்லது குழாயில் எங்கோ காற்று வாங்குகிறது. அடிக்கவே இல்லை என்றால் பம்புக்குள் இருக்கும் பொயிண்ட் ஒட்டியிருக்கும். ஸ்பேனரின் பிடியால் பம்பின் தலையில் ஒரு தட்டு தட்டுங்கள். பொறியியல் நூல்களில் கொஞ்சம் கூச்சத்தோடு சொல்லப்படும் வைத்தியம் இது, ஆனால் வேலை செய்யும். பலமாகத் தட்டினால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று நினைப்பவரிடமிருந்து ஸ்பேனரை வாங்கிவிடுங்கள்.

கினிகத்தேனை ஏற்றத்தை முக்கி முனகி ஏறி, ஹட்டனில் நிறுத்தி, திரும்ப எடுக்கும்போது பிடிக்காத கார் வேறு ரகம். கொதிக்கும் இஞ்சினுக்குப் பக்கத்தில் குழாயிலிருக்கும் பெற்றோலே ஆவியாகிவிட்டிருக்கும். சூட்டில் கொயிலும் சோர்ந்து போகும். இதற்கு மருந்து அரை மணி நேரம் மட்டுமே. இடைப்பட்ட நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால் கீழ்நாட்டு ஆட்களின் கணக்கு இங்கே சரிவராது.

படி 7: டீசல் வேனாக இருந்தால்

படி 4இலிருந்து 6 வரை டொல்பின் வேன்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்திருப்பார்கள். பிளக் இல்லை, பொயிண்ட் இல்லை, கார்புரேட்டர் இல்லை. டீசல் தன் சூட்டிலேயே தீப்பிடிக்க வேண்டும். குளிர்ந்த காற்றை நெருக்கித்தான் அந்தச் சூடு வரவேண்டும். நம் ஊரில் காற்று குளிர்ச்சி, அதோடு மெலிசு. ஆகவே டீசலுக்குக் காலை கஷ்டகாலம்.

சைலன்சரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. கிளோ பிளக்கைச் சோதியுங்கள். டாஷ்போர்டில் சுருள் விளக்கு அணையும்வரை பொறுக்காமல் சாவியை முறுக்குபவராக இருந்தால் முதலில் உங்களையே சோதியுங்கள். புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. சாவியைப் போடும்போது பம்பில் டிக் என்று ஒரு சத்தம் வர வேண்டும், டீசலைத் திறந்துவிடும் சொலினாய்டு அது. வராவிட்டால் அதன் வயரைப் பாருங்கள். சத்தம் வந்தும் புகை இல்லை என்றால் குழாயில் காற்று. ஃபில்டர் மேலிருக்கும் திருகாணியைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். நுரை போய் சுத்தமான டீசல் வந்ததும் இறுக்குங்கள்.

கடைசியாக வாங்கிய டீசலில் என்ன இருந்தது என்றும் யோசியுங்கள். 2022 ஜூன் கடைசியில் டீசல் 460 ரூபா, மண்ணெண்ணெய் 87 ரூபா. ஓகஸ்டில் மண்ணெண்ணெயை 340க்கு ஏற்றும்வரை, கலப்பதற்கு இதைவிட நல்ல காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை. மண்ணெண்ணெயில் டீசலின் வழுவழுப்பு இல்லை. இன்ஜெக்டர் பம்பை உள்ளுக்குள்ளேயே அது தேய்த்துவிடும். அன்று மிச்சம் பிடித்த ரூபாயை இன்று பம்ப் கேட்டு வாங்குகிறது.

படி 8: மூச்சுக் காற்று

ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். குளிர்காலத்தில் மூட்டத்துக்குப் பயந்த எலிக் குடும்பம் ஒன்று சாக்கு நூல், பஞ்சு, பாடசாலைக் கொப்பியின் சில பக்கங்கள் ஆகியவற்றோடு அங்கே குடியேறியிருக்கலாம். வயர்களையும் பார்த்துவிடுங்கள், அவை எலிகளின் சாப்பாடு. சைலன்சர் குழாயின் வாயையும் பாருங்கள். நுவரெலியாவின் உருளைக்கிழங்கு நாடெங்கும் பெயர்பெற்றது, நம் ஊர்ச் சிறுவர்களும் அப்படியே.

படி 9: தள்ளுவது

செல்ஃப் நன்றாக அடித்தும் பிடிக்காத வாகனத்தைத் தள்ளினால் மட்டும் ஏன் பிடிக்க வேண்டும்? தர்க்கப்படி பிடிக்கக் கூடாது. செல்ஃப் பெற்றரியை உறிஞ்சி எடுத்ததால் பொறி மெலிந்திருந்தால் மட்டும் தள்ளுவதில் பயன் உண்டு. ஆனால் கூடிய கூட்டம் எதையாவது செய்யாமல் கலையாது என்பதால் இந்தப் படியைத் தவிர்க்க முடியாது.

சாவி போட்டிருக்க வேண்டும். இதைச் சொல்வது அவமானப்படுத்த அல்ல. கிளட்ச் மிதித்து, இரண்டாம் கியர் போட்டு, வேகம் வந்ததும் கிளட்சை விடுங்கள்.

இனி விளையாட்டில்லாத ஒன்று. இஞ்சின் ஓடாத வேனில் பிரேக்குக்கு வாக்குவம் உதவி இல்லை. இரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். நானுஓயா, ரதெல்ல, இறம்பொடைச் சரிவுகளில் உருட்டி ஸ்டார்ட் பண்ண நினைக்கவே வேண்டாம். ஏப்ரல் சீசனில் மககஸ்தோட்டையில் நடக்கும் வாகன ஓட்டப் போட்டியும் மேல்நோக்கித்தான் நடக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு வண்டியிலிருந்து வயர் போட்டு பெற்றரி ஏற்றுவதாக இருந்தால், மொறிஸ் மைனரில் எர்த் ஆவது பொசிட்டிவ் முனை. பொசிட்டிவோடு பொசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ், இரண்டு வாகனங்களின் உடலும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். தொட்டால் நடப்பதைப் பார்த்து அப்பாயி இன்னும் நாலு தேசிக்காய் கேட்பார். ஹேண்டில் போட்டுச் சுற்றுகிறவர்கள் கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சின் திருப்பி அடித்தால் மணிக்கட்டைக் காப்பாற்றுவது அதுதான்.

படி 10: வாகனத்தில் ஏற வேண்டியவர் நோயாளி என்றால்

மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். போனட்டை மூடுங்கள். 1990க்கு அழையுங்கள். 2016இல் இந்திய உதவியோடு தொடங்கி, பிறகு நாடு முழுவதும் விரிந்த இலவச அம்புலன்ஸ் சேவை அது. டிக்கோயாவில் 150 கட்டிலோடு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடம் எழுப்பி, 2017 மேயில் இந்தியப் பிரதமரே வந்து திறந்து வைத்தார். கட்டிலுக்குக் குறைவில்லை. மேல் டிவிஷன் லயத்துக்கும் அந்தக் கட்டிலுக்கும் இடையிலான ரோட்டில்தான் குறை. பிரசவ வலி வந்தவர்களைக் கொழுந்து லொறியில் ஏற்றி இறக்கியது மலையகத்தில் பலரும் கண்ட கதை. அம்புலன்ஸ் ஏறி வர முடியாத ரோட்டாக இருந்தால் தள்ள வந்த ஆட்களே நோயாளியைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு இறங்கட்டும். கூட்டத்தின் ஆலோசனைகளில் எது பிழைத்தாலும் அதன் தோள்கள் பிழைத்ததில்லை.

தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு குறிப்பு: கொழுந்து வாடும் முன் ஸ்டோருக்கு வர வேண்டும் என்பதால் கொழுந்து லொறி எப்போதும் ஸ்டார்ட் ஆகும். அதே அக்கறையைத் தோட்டத்து அம்புலன்ஸ் வண்டியின் பெற்றரிக்கும் காட்டினால் படி 10 தேவைப்படாது.

படி 11: பாஸைக் கூப்பிடுவது

எதுவும் பலிக்காவிட்டால் டவுன் கராஜிலிருந்து மெக்கானிக் பாஸ் வருவார். அவர் வந்ததும் நீங்கள் செய்ததையெல்லாம் சொல்லுங்கள். குறிப்பாக, வெட்கப்பட்டு மறைக்க நினைப்பதை முதலில் சொல்லுங்கள். யார் எந்தத் திருகாணியை எவ்வளவு திருப்பினார் என்று தெரியாமல் அவரும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பாஸ் ஒன்றும் பேசமாட்டார். ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார், ஒரு வயரை ஆட்டுவார், "அடிங்க" என்பார். பிடித்துவிடும். என்ன கோளாறு என்று கேட்டால் "சும்மா லூஸ்" என்பார். இந்த இடத்தில் அவரை விடாதீர்கள். எது லூஸ், எங்கே லூஸ் என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஏனென்றால் கூட்டம் இப்போது வேறு வேலையில் இறங்கியிருக்கும். ஆட்டோக்காரத் தம்பி தான் கார்புரேட்டரை ஊதியதால் என்பார். ஃபிட்டர் மாமா பெயரிங் தானாகச் செட் ஆகிவிட்டது என்பார். குவைத்துக்காரர் தான் சொன்னதைத்தான் பாஸும் செய்தார் என்பார். அப்பாயி பேசாமல் நசுங்கிய தேசிக்காயைப் பார்ப்பார். எல்லோருக்கும் பிளேன்டீ கொடுங்கள், யார் சொன்னதையும் மறுக்க வேண்டாம். ஆனால் அடுத்த முறை இந்த நான்கு காரணங்களும் நான்கு அனுபவங்களாகத் திரும்பி வரும், உண்மையான காரணம் மட்டும் வராது.

அதை வரவைக்க ஒரே வழி, டாஷ்போர்ட் பெட்டியில் ஒரு கொப்பி. திகதி, வானிலை, எப்படி நிறுத்தியிருந்தது, பிளக் ஈரமா காய்ந்ததா, கடைசியில் எதைத் தொட்டபோது பிடித்தது. நான்கு வரி போதும். தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஏடு இருக்கிறது. யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ பறித்தார், தராசில் எவ்வளவு கழித்தார்கள் என்பதெல்லாம் அன்றன்றே எழுத்தில் ஏறிவிடுகிறது. குறிப்பிட்ட கிலோ வராத அன்றைக்கு முழு நாள் நின்றாலும் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும். அதே சட்டத்தை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள்: வாகனம் ஓடிவிட்டது, ஆனால் ஏன் ஓடியது என்று கொப்பியில் இல்லை என்றால், பாஸாக இருந்தாலும் நீங்களாக இருந்தாலும், அந்த வேலைக்கு அரைப் பேர்.